பருப்பு வேகாத தண்ணீர்

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சென்னை புறவழிச்சாலை பிரியும் இடத்தில், தாம்பரத்தைத் தாண்டியதும் இருக்கிறது இரும்புலியூர். இங்கே வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் முன்பணம் எவ்வளவு என்று கேட்ட கையோடு ஒரு வேதியியல் கேள்வியும் கேட்பார்கள். "போர் தண்ணி எப்படிங்க, பருப்பு வேகுமா?" வீட்டுக்காரர் நேர்மையானவராக இருந்தால், "குளிக்க, துவைக்கப் பரவாயில்ல, சமைக்கக் கேன் வாங்கிக்குங்க" என்று சொல்லிவிடுவார். தண்ணீரின் கடினத்தன்மை பற்றி ஆய்வுக்கூடம் ஒரு பக்க அறிக்கையில் சொல்வதன் சாரம் இவ்வளவுதான். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு நீராதாரமே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. இந்த எண்களைக் கேள்விப்படாத குடும்பத்துக்கும் ஆறாவது விசிலுக்குப் பிறகு குக்கரைத் திறந்து பார்க்கும்போது விஷயம் புரிந்துவிடும்.

இந்தத் தண்ணீரை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு சாமைச் சுண்டல் செய்யப்போகிறோம். ஒரு டம்ளர் சாமை அரிசி, அரை டம்ளர் கறுப்புக் கொண்டைக்கடலை, ஒரு பிடி முளைகட்டிய பச்சைப்பயறு, கொஞ்சம் மாங்காய், ஒரு வெள்ளரிப் பிஞ்சு, தேங்காய்த் துருவல், எலுமிச்சம்பழம், தாளிக்கக் கடுகும் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் பெருங்காயமும். பெரிய ஓட்டல்களில் இதே சாமான்களுக்குக் கிரெயின் சாலட் என்று பெயர் வைத்து, ஆலிவ் எண்ணெய் தெளித்து, நானூறு ரூபாய் வாங்குகிறார்கள். நமக்குச் சுண்டலும் தெரியும், ராமநவமிக்கு ஊறவைத்த பாசிப்பருப்பில் மாங்காயும் தேங்காயும் போட்டுத் தரும் வடைப்பருப்பும் தெரியும். இரண்டையும் ஒரு தானியத்தோடு சேர்க்கிறோம், அவ்வளவே.

செய்முறையாக எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் நடப்பதை உற்றுப் பார்த்தால், தண்ணீர் ஏதோ ஒரு விதைக்குள் போய்க்கொண்டிருக்கும் அல்லது வெளியே வந்துகொண்டிருக்கும். போகும்போது சிலவற்றைக் கொண்டுபோகும், வரும்போது சிலவற்றை எடுத்துவரும். சுண்டல் நன்றாக வருவதும் வராததும் இந்தப் போக்குவரத்தைப் பொறுத்தது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பல்லாவரம், திரிசூலம், தாம்பரம் சானடோரியத்தை ஒட்டிய பச்சைமலை, தெற்கே வண்டலூர் என்று இந்தப் பக்கத்துக் குன்றுகளெல்லாம் பெரும்பாலும் ஒரே கல். சார்னோகைட் என்பது அதன் பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை மீதிருந்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர், அது சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டறிந்து, 1893இல் அதற்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். உலகத்து நிலவியல் பாடநூல்களிலெல்லாம் இடம்பிடித்த கல், நம் ஊரில் ஜல்லியாக உடைந்து லாரியில் போனது. இருக்கட்டும். இந்தக் கல்லில் கால்சியம் கலந்த ஃபெல்ஸ்பாரும் மெக்னீசியம் கலந்த பைராக்சீனும் உண்டு. மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. கல்லின் வெடிப்புகளுக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கி, இந்தக் கனிமங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. முந்நூறு அடியில் போர் போட்டவர் மேலே இழுப்பது கால்சியமும் மெக்னீசியமும் கரைந்த இந்தத் தண்ணீரைத்தான். வெடிப்புக்கு வெடிப்பு நீர் மாறும். அதனால்தான் ஒரு தெருவில் பருப்பு வேகும், அடுத்த தெருவில் வேகாது.

இனி கொண்டைக்கடலைக்குள் போவோம். காய்ந்த கடலையில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குதான் ஈரம். இரவில் ஊறப்போட்டால் காலைக்குள் ஏறக்குறைய தன் எடை அளவுக்குத் தண்ணீர் குடித்து, இரண்டு மடங்கு கனக்கிறது. உள்ளே லட்சக்கணக்கான செல்கள். ஒரு செல்லையும் அடுத்ததையும் ஒட்டவைத்திருக்கும் பசையின் பெயர் பெக்டின். கடலை வேகிறது என்றால் இந்தப் பசை சூட்டில் கரைந்து செல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன என்று பொருள். விரலால் நசுக்கினால் மாவாக உதிர்வது அதனால்தான்.

பெக்டின் என்பது நீண்ட சங்கிலி. அதில் எதிர்மின் ஏற்றமுள்ள இடங்கள் வரிசையாக உண்டு. கால்சியத்துக்கு இரட்டை நேர்மின் ஏற்றம் இருப்பதால், ஒரே சமயத்தில் இரண்டு சங்கிலிகளைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரு பெக்டின் சங்கிலிகளின் வளைவுகளுக்கு நடுவே, அட்டைக்குழியில் முட்டை உட்கார்வதுபோல, கால்சியம் உட்கார்ந்துகொள்கிறது. 1973இல் இதை விளக்கிய ஆய்வாளர்களே இதற்கு முட்டைப்பெட்டி மாதிரி என்றுதான் பெயர் வைத்தார்கள். அப்படிப் பூட்டப்பட்ட பசை கொதிநீரிலும் லேசில் கரையாது. இரும்புலியூர் போர் தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறும் கடலை, அந்த எட்டு மணி நேரமும் பூட்டுக்கு மேல் பூட்டாக வாங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு விசிலை எண்ணி என்ன பயன்?

இதற்கு மூன்று வழிகள் உண்டு. கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், மாநகராட்சிக் குழாயில் வரும் பாலாற்றுத் தண்ணீர் என்று கால்சியம் குறைந்த எதிலாவது ஊறவைப்பது சுலபமான வழி. வேகவைக்கும் தண்ணீரைவிட ஊறவைக்கும் தண்ணீரில் கவனம் வேண்டும், ஏனென்றால் கடலை அதிகமாகக் குடிப்பது அப்போதுதான். இரண்டாவது, போர் தண்ணீரையே பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மேலாக வடித்துக்கொள்வது. கொதிக்கும்போது பைகார்பனேட்டாகக் கரைந்திருந்த கால்சியம் சுண்ணாம்பாகப் பிரிந்து அடியில் தங்கும். வெந்நீர்ப் பாத்திரத்திலும் கீசர் கம்பியிலும் படியும் வெள்ளைப் படலம் அதுதான். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருக்கும் கால்சியம் இதற்கு மசியாது. ஆகவே சில வீட்டில் இந்த வழி பலிக்கும், சில வீட்டில் பாதிதான் பலிக்கும்.

மூன்றாவது வழி பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: ஊறவைக்கும்போதே உப்புப் போடுவது. உப்புப் போட்டால் பயறு வேகாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கடினத்துக்குக் காரணம் கால்சியம். சாப்பாட்டு உப்பில் இருப்பது சோடியம். சோடியத்துக்கு ஒற்றை ஏற்றம், இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பூட்ட அதனால் ஆகாது. லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டு ஊறவைத்தால், பெக்டினில் ஏற்கனவே உட்கார்ந்திருக்கும் கால்சியத்தில் ஒரு பகுதியைச் சோடியம் வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறது. தோல் மிருதுவாகிறது, கடலை வெடிக்காமல் முழுசாக வேகிறது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கூடவே ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளில் ஒரு பங்கும் போய்விடும். அவற்றைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று வாயுவாக்குவதைத்தான் கடலை சாப்பிட்ட மறுநாள் அனுபவிக்கிறோம்.

ஆப்ப சோடா? வேலை செய்யும். காரம் பெக்டின் சங்கிலியையே வெட்டிவிடுகிறது. ஆனால் அதே காரம் தயாமின் என்ற பி1 வைட்டமினையும் அழிக்கும், கொஞ்சம் கை நீண்டால் சோப்பு வாடை வரும். கல்யாணச் சமையலில் நூறு பேருக்குக் கடலை வேகவைக்கும்போது மன்னிக்கலாம். வீட்டில் வேண்டாம் என்பது என் கட்சி. புளியும் எலுமிச்சையும் இதற்கு நேர் எதிர். அமிலத்தில் பெக்டின் கெட்டியாக நிற்கும். சாம்பாரில் பருப்பு வெந்த பிறகுதான் புளி கரைத்து ஊற்ற வேண்டும் என்று எந்தப் பாட்டியும் வேதியியல் படித்துவிட்டுச் சொல்லவில்லை, ஆனால் சொன்னது சரி.

தண்ணீர் நல்லதாக இருந்தும் கடலை வேகவில்லையா, கடலை பழசு. முப்பது டிகிரிக்கு மேல் வெயிலும் கடலோர ஈரமும் சேர்ந்த சென்னை போன்ற ஊரில் மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்தால், விதைக்குள்ளேயே ஒரு மாற்றம் நடக்கிறது. ஃபைட்டிக் அமிலம் என்ற சேமிப்புப் பொருள் சிதைகிறது, அது பிடித்துவைத்திருந்த கால்சியமும் மெக்னீசியமும் விடுபட்டுப் பெக்டினிடம் போகின்றன. வெளியிலிருந்து வராத கால்சியம் உள்ளிருந்தே வந்து பூட்டுகிறது என்பதே இதற்குப் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தாம்பரம் சண்முகம் சாலையில் மொத்தமாக ஐந்து கிலோ வாங்கினால் மலிவு என்று வாங்குகிறவர்கள், இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

சாமைக்கு வருவோம். கடுகைவிடச் சற்றுப் பெரிய தானியம்; அதனால் ஊறவும் வேகவும் நேரம் பிடிக்காது. கொல்லிமலையில் தலைமுறை தலைமுறையாக விளைந்தது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்ததும் அதன் நிலம் சுருங்கியது. இன்னொரு காரணம் உரல். உமி நீக்கச் சாமையை மணிக்கணக்கில் குத்த வேண்டும், குத்தியவர்கள் எல்லோரும் பெண்கள். தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களை மீட்கப் போனபோது, விதையோடு உமி நீக்கும் இயந்திரத்தையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது பேசப்பட்டதெல்லாம் சத்துகள். உரலைப் பற்றிப் பேச்சே குறைவு.

சத்துப் பேச்சிலும் ஒரு எச்சரிக்கை. பாக்கெட்டுகளில் சாமையில் நூறு கிராமுக்கு 9.3 மில்லிகிராம் இரும்பு என்று அச்சிட்டிருப்பார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது ஒன்றேகால் மில்லிகிராம் அளவுதான். விற்கிறவர் எந்த எண்ணை எடுத்துக்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை. இரும்புக்காகச் சாமையை நம்ப வேண்டாம். அதைக் கடலையும் பயறும் பார்த்துக்கொள்ளும்.

சாமையைக் கழுவி, வடித்து, வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்து மூடி வேகவைக்கலாம். பொங்கலுக்கு ஊற்றும் அளவில் ஊற்றினால் பொங்கல்தான் கிடைக்கும். எழுபது டிகிரிக்கு முன்பின்னாக மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி வீங்கி, தம் ஒழுங்கான கட்டமைப்பை இழக்கின்றன. அமைலோஸ் என்ற நேரான சங்கிலிகள் துகளிலிருந்து வெளியே கசிந்து, மணியோடு மணியை ஒட்டவைக்கின்றன. இந்த நிலையிலேயே எலுமிச்சையும் தாளிப்பும் போட்டுக் கிளறினால் களிதான்.

அதனால் ஆறவைக்க வேண்டும். புளியோதரை செய்கிறவர்கள் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, விசிறியால் வீசிவிட்டுத்தான் புளிக்காய்ச்சலைத் தொடுவார்கள். அந்தக் கால்மணி நேரத்தில் மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிறது. எண்ணெய் மணிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. உள்ளே அதைவிட முக்கியமான வேலை நடக்கிறது. சூடு குறையக் குறைய அமைலோஸ் சங்கிலிகள் மறுபடி நெருங்கி, இணையாகப் படுத்து, தமக்கிடையே இருந்த தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. மணி இறுகுகிறது. அமைலோஸ் இதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். கிளைகள் நிறைந்த அமைலோபெக்டினுக்கு நாள்கள் ஆகும். ஃபிரிட்ஜின் நான்கைந்து டிகிரியில் இந்த வேலை வேகமாக நடக்கும் என்பதால்தான் ராத்திரி உள்ளே வைத்த சோறு காலையில் கட்டை தட்டிப்போயிருக்கிறது. லேசாகச் சூடுபடுத்தினால் அமைலோபெக்டின் இளகி மணி மிருதுவாகிவிடும். அமைலோஸ் கட்டிய படிகங்களோ நூறு டிகிரியைத் தாண்டினால்தான் உருகும்.

அந்தப் படிகங்களைச் சிறுகுடலின் நொதிகளாலும் எளிதில் பிரிக்க முடியாது. 1982இல் ஹான்ஸ் எங்கிலிஸ்ட்டும் சகாக்களும் இப்படிச் செரிக்காமல் தப்பிக்கும் மாவுச்சத்துக்குத் தடுப்பு மாவுச்சத்து என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை தரும் பியூட்டைரேட் குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருள். இதை வைத்து ஆறின சோறு சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று யூடியூபில் அடித்துவிடுகிறார்கள். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கும்போது, அப்படிப்பட்ட பேச்சுக்குக் காது கொடுக்க ஆள் பஞ்சமில்லை. ஆறவைப்பதால் கூடும் தடுப்பு மாவுச்சத்து கொஞ்சம்தான். சாமையின் அளவைக் குறைத்துக் கடலையைக் கூட்டுவது அதைவிடப் பலன் தரும். கடலையின் புரதமும் நாரும் செரிமானத்தைத் தாமதப்படுத்தும், சாமையில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தையும் ஈடுகட்டும்.

மிச்சம் இருப்பது அந்த ஒரு பிடி முளைப்பயறு. அதற்காகக் கொஞ்சம் தூரம் போய்வர வேண்டும்.

முதல் உலகப் போரில், மெசொப்பொட்டேமியாவில் குட் என்ற ஊரில் ஆங்கில இந்தியப் படை 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல் வரை துருக்கியரின் முற்றுகையில் சிக்கியது. உள்ளே இருந்த இரு தரப்பு வீரர்களுக்கும் இரு வேறு நோய்கள் வந்தன. வெள்ளை மாவு ரொட்டி தின்ற ஆங்கிலேயருக்கு பெரிபெரி, அதாவது பி1 குறைபாடு. தவிடு நீக்காத மாவு தின்ற இந்தியர்களுக்கு அது வரவில்லை. ஆனால் குதிரை இறைச்சியைத் தொட மறுத்த அவர்களுக்கு ஸ்கர்வி வந்தது. ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பழைய புண்கள் திறந்துகொள்ளும் நோய். காய்கறி இல்லை, பழம் இல்லை. மூட்டையில் இருந்ததெல்லாம் தானியமும் பருப்பும்.

லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக், மார்கரெட் ஹியூம் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தார்கள். முளைகட்டிய பருப்பு ஸ்கர்வியைத் தடுக்கும் என்று நார்வே ஆய்வாளர் ஃபூர்ஸ்ட் 1912இலேயே கினிப்பன்றிகளில் காட்டியிருந்தார். மனிதனைப்போலவே கினிப்பன்றியாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது என்பதால் இந்த ஆய்வுக்கு ஏற்ற விலங்கு அது. சிக்கும் ஹியூமும் அதை மறுபடி சோதித்து, காய்ந்த பயறில் இல்லாத ஏதோ ஒன்று முளைத்த பயறில் இருக்கிறது என்று 1917இல் உறுதி செய்தார்கள். ஊறவைத்து, ஈரச் சாக்கில் பரப்பி முளைவிட்டதும், நெடுநேரம் கொதிக்கவிடாமல் சாப்பிடக் கொடுக்கலாம் என்பதுதான் யோசனை. கப்பலில் எலுமிச்சை அனுப்பத் தேவையில்லை, சாக்கும் தண்ணீரும் போதும். வைட்டமின் சி என்ற மூலக்கூற்றை அடையாளம் காண 1932 ஆனது.

காய்ந்த விதைக்கு வைட்டமின் சி வேண்டியதில்லை. தண்ணீர் உள்ளே போய் விதை மூச்சுவிடத் தொடங்கியதும், அந்த எரிப்பில் உண்டாகும் ஆக்சிஜன் கழிவுகளைச் சமாளிக்க அது தேவைப்படுகிறது. அப்போது விதை தானே தயாரித்துக்கொள்கிறது. இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலத்தையும், வாயு தரும் சர்க்கரைகளையும் அதே நேரத்தில் நொதிகள் உடைக்கின்றன. இரும்புலியூரின் வெயிலுக்கு ஈரத்துணியில் கட்டிய பச்சைப்பயறு ஒரே நாளில் முளை காட்டிவிடும்.

அந்தச் சூடும் ஈரமும் பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய ஈ.கோலி ஏறக்குறைய நாலாயிரம் பேரை நோயாளியாக்கி, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஆகவே முளைப்பயறை இரண்டு மூன்று நிமிடம் ஆவியில் காட்டிவிட வேண்டும் என்பேன். வைட்டமின் கொஞ்சம் குறையும். எலுமிச்சை அதை ஈடுகட்டும்.

கலப்பது சுலபம். ஆறிய சாமை, வெந்த கடலை, பயறு, தேங்காய், மாங்காய். கடாயில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு. உள்ளே இருக்கும் துளி ஈரம் ஆவியாகி வெடிக்கிறது. பெருங்காயம், மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றின் வாசனைப் பொருள்கள் எண்ணெயில் கரைபவை, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை. தாளித்துக் கொட்டியதும் எலுமிச்சையைப் பிழியலாம், சூட்டில் வேண்டாம். அதன் வைட்டமின் சி கடலையின் இரும்பை உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. உப்பும் வெள்ளரியும் கடைசியில். உப்புப் பட்டதும் வெள்ளரியின் செல்களிலிருந்து தண்ணீர் வெளியேறத் தொடங்கிவிடும். அரை மணியில் பாத்திரத்தின் அடியில் குளம் கட்டிவிடும். சென்னை பீச் ஸ்டேஷனுக்குப் போகும் ரயிலில் டிபன் பாக்ஸோடு ஏறுகிறவர்கள் வெள்ளரியைத் தனி டப்பாவில் எடுத்துப் போகலாம்.

டிபன் பாக்ஸ் என்றதும் இன்னொன்று. வேகவைத்த தானியத்தில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாண்டிப் பிழைத்திருக்கும். அறைச் சூட்டில் சில மணி நேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். வாந்தி உண்டாக்கும் அதன் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. எலுமிச்சையின் புளிப்பு தடுக்கும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. தாம்பாளத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து, உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். காலை ஏழு மணிக்குக் கட்டியதை ஒரு மணிக்குச் சாப்பிடுவதாக இருந்தால், ராத்திரியே செய்து குளிரவைத்ததைக் கட்டுவது மேல்.

சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். தேயிலையின் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். காபியும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் எலுமிச்சை பிழிந்ததற்கும் பயறு முளைகட்டியதற்கும் பலன் இருக்கும்.